அவ எந்தக் கிளப்புக்கு விளையாடினவ?

ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் மகளையும் அவளுடைய தோழியையும் கூட்டிக்கொண்டு நோர்வேயின் லில்லஸ்த்ரோம் நகருக்குப் போயிருந்தேன். எல்எஸ்கே பெண்கள் உதைபந்தாட்ட அணியின் ஆட்டம். வாகனத் தரிப்பிடத்தின் ஓரங்களில் அழுக்குப் பனி இன்னும் கரையாமல் குவிந்து கிடந்தது. இடைவேளையில் வாஃபல் வாங்க வரிசையில் நின்றபோது, முன்னால் நின்ற வயதான நோர்வீஜியர் ஒருவர் திரும்பி, நீயும் விளையாடுகிறாயா, எந்த இடத்தில் என்று மகளிடம் கேட்டார். நடுக்களம் என்றாள். "அப்படியென்றால் ஹேகே ரீசேயின் ஆட்டங்களைத் தேடிப் பார்" என்று சொல்லிவிட்டுத் தன் வாஃபலை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரின் பின்னிருக்கையிலிருந்து கேள்வி வந்தது. "அம்மா, அவ எந்தக் கிளப்புக்கு விளையாடினவ?"

பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அதுதான் முதல் கேள்வி. அவர்களுடைய உலகத்தில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மேற்சட்டை உண்டு. ஒடகோர் என்றால் ஆர்சனல். கரோலின் கிரஹாம் ஹான்சன் என்றால் பார்சலோனா. அடா ஹேகர்பெர்க் என்றால் லியோன். பிறந்தநாளுக்கு எது வாங்குவது என்பதையும் அந்தக் கேள்விதான் தீர்மானிக்கும்.

அன்றிரவு தேடினேன். செட்ஸ்கூக்/ஹோலான்ட். நிக்கோ செக்யூரிட்டிஸ். அஸ்கர். கரோலைனா கரேஜ். டீம் ஸ்த்ரோம்மன். நிக்கோ அணி கலைக்கப்பட்டுவிட்டது. கரோலைனா அணியோடு அது விளையாடிய லீக்கே மூடப்பட்டுவிட்டது. அஸ்கர் என்ற சங்கம் இருக்கிறது, ஆனால் ரீசே விளையாடிய அந்த உயர்மட்டப் பெண்கள் அணி 2009இல் ஸ்தாபெக் கிளப்பின் கைக்குப் போய்விட்டது. மற்ற இரண்டு பெயர்களிலும் இன்று எந்த அணியும் களத்தில் இறங்குவதில்லை. உலகக் கிண்ணமும் ஒலிம்பிக் தங்கமும் ஐரோப்பியக் கிண்ணமும் வென்ற ஒருவருக்கு, கடைக்குப் போய் வாங்கக்கூடிய ஒரு கிளப் சட்டை கிடையாது.

அதற்குப் பிறகு பல இரவுகள் பழைய ஆட்டங்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். மகளுக்குப் பதில் சொல்வதற்காகத்தான் தொடங்கினேன். பிறகு எனக்காகவே பார்த்தேன்.

ஹேகே ரீசே 1969 யூலை 18ஆம் திகதி லோரன்ஸ்கூக்கில் பிறந்தவர். ஒஸ்லோவை ஒட்டிக் கிழக்கே இருக்கும் ஊர். எங்கள் ஆட்கள் நிறையப் பேர் வாழ்கிற பக்கம்தான், கடைக்கும் பல்வைத்தியரிடமும் நானே போய்வருகிற ஊர். அவருடைய முதல் பெரிய அணியின் பெயரில் இருக்கும் செட்ஸ்கூக், இன்னும் கிழக்கே, சுவீடன் எல்லையைத் தொடும் அவுர்ஸ்கூக்-ஹோலான்ட் நகரசபைக்குள் இருக்கிறது. காடும் ஏரியும்தான் அதிகம். அந்த அளவு ஊரிலிருந்து ஓர் அணி நாட்டின் உச்ச லீக்கில் விளையாடியது என்பதை இன்றைக்கு நினைத்துப் பார்க்கவே கடினம். அன்றைய பெண்கள் ஆட்டம் அப்படித்தான் இருந்தது. பெரிய நகரத்துப் பெரிய கிளப்புகள் அதைத் தேடி வரவில்லை. எங்கே சில பிள்ளைகளும் பிடிவாதமான சில பெரியவர்களும் சேர்ந்தார்களோ அங்கே ஓர் அணி முளைத்தது.

நோர்வே உதைபந்தாட்டச் சங்கம் பெண்கள் ஆட்டத்தை முறையாக ஏற்றுக்கொண்டது 1976இல். ரீசேக்கு அப்போது ஏழு வயது நடந்துகொண்டிருந்தது. தேசியப் பெண்கள் அணி முதல் ஆட்டத்தை ஆடியது 1978இல். 1986இல் மெக்சிகோவில் நடந்த ஃபீஃபா மாநாட்டில் எல்லன் வில்லே என்ற நோர்வீஜியப் பெண் மேடையேறி, பெண்களுக்கும் உலகக் கிண்ணம் வேண்டும் என்று கேட்டார். அந்த மாநாட்டில் அதற்கு முன் ஒரு பெண் எழுந்து பேசியதே இல்லை. அதன் பிறகுதான் 1988இல் சீனாவின் குவாங்டொங்கில் ஒரு பரீட்சார்த்தப் போட்டி வைத்தார்கள். நோர்வேதான் வென்றது. ரீசே தேசிய அணிக்கு வந்தது 1990இல். கதவைத் தட்டியவர்கள் முந்திய தலைமுறை. அது திறந்தபோது சரியான வயதில் வாசலில் நின்றவர் இவர்.

என் பள்ளிக்கூடத்தில் அந்தக் கதவே இருக்கவில்லை. பெண்பிள்ளைகளுக்கு வலைப்பந்தாட்டம். உதைபந்து அண்ணாமாருடையது, மைதானமும் அவர்களுடையதுதான். அதை அநியாயம் என்று நினைக்கக்கூட எனக்குத் தோன்றியதில்லை. பெட்டைப்பிள்ளைகள் அதை விளையாடலாம் என்பதே நோர்வேக்கு வந்த பிறகுதான் என் கண்ணில் பட்டது.

1991இல் முதல் உலகக் கிண்ணம் சீனாவில் நடந்தது. அதை உலகக் கிண்ணம் என்று அழைக்கவே ஃபீஃபா தயங்கியது. ஒரு சாக்லேட் மிட்டாயின் பெயரைச் சேர்த்து, எம் அன்ட் எம்ஸ் கிண்ணத்துக்கான உலக சம்பியன் போட்டி என்று பெயர் வைத்தார்கள். ஆட்டம் 90 நிமிடம் இல்லை, 80 நிமிடம். அதற்கு மேல் பெண்களால் தாங்காது என்ற எண்ணம். குவாங்சோவில் இறுதியாட்டம், 63,000 பேர். 78ஆவது நிமிடத்தில் பின்னோக்கிப் போன ஒரு தளர்வான பாஸை மிஷெல் ஏக்கர்ஸ் பறித்துக் கோலடித்தார். அமெரிக்கா 2, நோர்வே 1. ரீசேக்கு 22 வயது. இரண்டு ஆண்டுகள் கழித்து இத்தாலியின் செசேனாவில் இத்தாலியையே 1–0 என்று வென்று நோர்வே ஐரோப்பியக் கிண்ணத்தை எடுத்தது.

அப்புறம் 1995. இங்கேதான் நான் அதிக நேரம் நின்றேன்.

சுவீடனில் நடந்த அந்த உலகக் கிண்ணத்தில் நோர்வேக்குக் கிடைத்த முதல் ஊர் கார்ல்ஸ்தாட். நோர்வே எல்லையிலிருந்து அதிக தூரமில்லை. நைஜீரியாவை 8–0, இங்கிலாந்தை 2–0, பிறகு யெவ்லே என்ற ஊரில் கனடாவை 7–0. காலிறுதியில் டென்மார்க்கை 3–1. யூன் 6ஆம் திகதியிலிருந்து 18ஆம் திகதிக்குள் ஆறு ஆட்டங்கள். மொத்தம் 23 கோல்கள் அடித்தார்கள். வாங்கியது ஒன்றே ஒன்று, டென்மார்க்கிடம்.

அணியின் பயிற்றுநர் ஏவன் பெல்லருட். அந்தக் காலத்து நோர்வேயின் ஆட்டமுறை, ஆண்களுக்கும் பெண்களுக்கும், பந்தை வீணாகச் சுற்றவிடாமல் நேரே முன்னே தூக்கிப் போடுவது. நீண்ட பந்து, உயரமான முன்கள ஆட்டக்காரர், மோதித் தெறித்து விழும் இரண்டாவது பந்துக்கு எல்லோரும் பாய்வது. பலர் அதைப் பார்க்கச் சகிக்காத ஆட்டம் என்று சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். சின்ன நாடு தன்னிடம் இருந்த பலத்தைத் தெரிந்து ஆடியது. ஆனால் அந்த முறையில் நடுக்கள ஆட்டக்காரருக்கு ஒரு சங்கடம் உண்டு. பந்து தலைக்கு மேலாகப் போய்க்கொண்டே இருக்கும். அண்ணாந்து பார்ப்பதும், விழுகிற இடத்துக்கு ஓடுவதும், மறுபடி அண்ணாந்து பார்ப்பதும்தான் வேலை.

ரீசே அதற்குள் இருந்துகொண்டே வேறொன்று செய்தார். கீழே விழும் இரண்டாவது பந்து அவர் காலுக்கு வந்ததும் ஆட்டத்தின் வேகம் மாறுகிறது. உடனே திருப்பி அடிப்பதில்லை. ஒரு கணம் பிடித்து வைக்கிறார். அந்த ஒரு கணத்தில் முன்னால் ஓடுகிறவர்களுக்கு நேரம் கிடைக்கிறது, எதிரணிக்குக் குழப்பம் வருகிறது. பந்து வருமுன்னரே தலையைத் திருப்பி இரண்டு பக்கமும் பார்த்துவிடுவது அவருடைய பழக்கம். பழைய வீடியோவில் படம் தெளிவில்லை, முகம் தெரியாது. ஆனாலும் அந்தத் தலை திரும்புவதை வைத்தே எது ரீசே என்று கண்டுபிடித்துவிடலாம். மகளின் பயிற்றுநர் வாரத்துக்கு இரண்டு தடவை கத்திச் சொல்வதும் இதைத்தான்: பந்து வருமுன் பார், வந்த பிறகு இல்லை.

அரையிறுதி வெஸ்தெரோஸில், அமெரிக்காவோடு. பத்தாவது நிமிடத்தில் ஆன் கிறிஸ்தின் ஓரோனஸ் தலையால் முட்டிப் போட்ட கோல். மிச்ச நேரம் முழுவதும் தாக்குப்பிடித்தல். அணித்தலைவி ஹைடி ஸ்தோரே சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். நான்கு ஆண்டுக்கு முன் குவாங்சோவில் அழவைத்த அதே அணியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நோர்வேப் பெண்கள் முழந்தாளிட்டு ஒருவர் காலை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயில் மாதிரி மைதானத்தில் ஊர்ந்தார்கள். அந்த ரயிலை அமெரிக்க ஆட்டக்காரர்கள் நீண்ட காலம் மறக்கவில்லை. திமிர் என்று எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அது பள்ளிக்கூட முற்றத்துச் சந்தோசம் போலத்தான் தெரிந்தது.

இறுதியாட்டம் யூன் 18, ஸ்டொக்ஹோம் பக்கத்து சோல்னாவில் இருந்த ரோசுண்டா அரங்கில். 1958இல் பதினேழு வயதுப் பெலே இறுதியாட்டம் ஆடிய அதே மைதானம். எதிரே ஜெர்மனி. அவர்களிடமும் ஒரு பதினேழு வயதுப் பிள்ளை இருந்தது, பிர்கிட் பிரின்ஸ். 37ஆவது நிமிடம். ரீசே பந்தோடு போகிறார். பாஸுக்கு ஆள் இருக்கிறது, ஆனால் கொடுக்கவில்லை. மறிக்க வந்தவர்களைக் கடந்து, தானே கொண்டுபோய், தானே அடித்தார். போட்டி முழுக்கப் பந்தைப் பிறருக்காகப் பிடித்து வைத்தவர், அந்தத் தடவை தனக்காக வைத்துக்கொண்டார். மூன்று நிமிடம் கழித்து மரியான்ன பெத்தர்சன் இரண்டாவதைப் போட்டார். 2–0. அந்தக் கிண்ணத்தில் ரீசே அடித்தது ஐந்து கோல்கள். போட்டியின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து அவருக்கே கிடைத்தது. இன்னும் ஒரு மாதத்தில் 26 வயது.

அந்த யூன் மாதம் நான் யாழ்ப்பாணத்தில் பத்து வயதுப் பிள்ளை. சண்டை மறுபடி தொடங்கி இரண்டு மாதம். மின்சாரம் இல்லாத ஊர். உலகத்தில் பெண்களுக்கு உதைபந்தாட்டக் கிண்ணம் ஒன்று நடக்கிறது என்பது எங்கள் காதுக்கு எட்ட எந்த வழியும் இருக்கவில்லை. முப்பது ஆண்டு கழித்து, நோர்வேயில் ஒரு சமையலறை மேசையில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, அந்த 37ஆவது நிமிடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஏனென்று மகள் கேட்டாள். சொல்லத் தெரியவில்லை.

உலகத்தின் சிறந்த ஆட்டக்காரர் என்று பட்டம் வாங்கியவர் அடுத்து எங்கே போகவேண்டும்? ஆண் என்றால் மிலான், மட்ரிட், மான்செஸ்டர். ரீசே யப்பானுக்குப் போனார். பங்குச்சந்தை நிறுவனம் ஒன்றின் அணி, நிக்கோ செக்யூரிட்டிஸ் டிரீம் லேடிஸ். அந்த நேரம் பெண்களுக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுத்து உதைபந்தாட வைத்த இடங்களில் யப்பானும் ஒன்று. நிறுவனங்கள் அணி நடத்தின, உலகம் முழுவதிலிருந்தும் ஆட்களைக் கூப்பிட்டன. 1991 இறுதியாட்டத்தில் நோர்வேயின் ஒரே கோலை அடித்த லிண்டா மேடாலனும் அதே அணிக்கு வந்தார். 1996, 1997 இரண்டு ஆண்டும் லீக்கை வென்றார்கள். யப்பானியப் பொருளாதாரம் சரிந்துகொண்டிருந்த காலம் அது. கணக்குப் பார்க்கும்போது நிறுவனங்கள் முதலில் வெட்டியது பெண்கள் அணிகளைத்தான். 1998இல் நிக்கோ அணி கலைக்கப்பட்டது. அந்த ஆண்டும் அவர்கள்தான் லீக் சம்பியன்கள். வென்றுகொண்டிருந்த அணியையே இழுத்து மூடினார்கள்.

ரீசே அதற்குள் நோர்வேக்குத் திரும்பி அஸ்கரில் விளையாடத் தொடங்கிவிட்டார். நடுவில் 1996 அட்லாண்டா ஒலிம்பிக் வந்து போனது. பெண்கள் உதைபந்து ஒலிம்பிக்கில் முதல் தடவை. அரையிறுதியில் மேலதிக நேரத்துத் தங்க கோலில், அதாவது முதல் கோல் விழுந்ததுமே ஆட்டம் முடிந்துவிடும் விதியில், அமெரிக்காவிடம் தோற்று, வெண்கலத்தோடு வந்தார்கள். 1999 உலகக் கிண்ணத்தில் நான்காம் இடம். அரையிறுதியில் சீனா 5–0 என்று அடித்தது. அந்தத் தலைமுறை முடிந்துவிட்டது என்றே பலர் நினைத்திருப்பார்கள்.

2000 சிட்னி ஒலிம்பிக்கில் முதல் ஆட்டமும் அப்படித்தான் போனது, அமெரிக்காவிடம் 0–2. பிறகு நைஜீரியாவையும் சீனாவையும் வென்று, அரையிறுதியில் ஜெர்மனியை அவர்களே தங்கள் வலைக்குள் போட்ட ஒரு கோலால் தாண்டி, 2000 செப்டம்பர் 28ஆம் திகதி மறுபடியும் அமெரிக்காவுக்கு முன்னால் நின்றார்கள். ஐந்தாவது நிமிடத்திலேயே அமெரிக்கா கோலடித்தது. இடைவேளைக்குச் சற்று முன் குரூ எஸ்பசெத் சமன் செய்தார். 78ஆவது நிமிடத்தில் ராங்ன்ஹில்ட் குல்பிரான்சன் முன்னிலை தந்தார். காயத்துக்கான மேலதிக நிமிடங்களில் டிஃபெனி மில்பிரெட் தலையால் முட்டி மறுபடி சமன் செய்தபோது நோர்வேப் பெண்கள் இடிந்துபோய் நின்றது வீடியோவில் தெரிகிறது. விசில் ஊத ஒரு நிமிடம் இருந்திருக்குமா என்பதே சந்தேகம்.

நான் மகளை அந்த இடத்தில் பக்கத்தில் இருத்திக் காட்டியது ரீசேயைத்தான். 31 வயது. தொண்ணூறு நிமிடம் ஓடிய கால்கள். மேலதிக நேரத்தில் எல்லோரும் பந்தை அவசரமாகத் தூக்கி அடிக்கும்போது, இவர் இன்னும் தலையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். 102ஆவது நிமிடத்தில் முன்னே போன நீண்ட பந்து ஒன்று டாக்னி மெல்கிரெனின் காலில் வந்து விழுந்தது. பந்து கையில் பட்டதா என்று அமெரிக்கர்கள் இன்றும் கேட்பார்கள். கோல். தங்க கோல் விதிப்படி அத்தோடு ஆட்டம் முடிந்தது, 3–2. ஐரோப்பியக் கிண்ணம், உலகக் கிண்ணம், ஒலிம்பிக் மூன்றையும் வென்ற முதல் பெண்கள் அணி நோர்வே. 2016 வரைக்கும் அந்த வரிசையில் வேறு யாரும் சேரவில்லை.

அந்தத் தங்க கோல் விதியும் இப்போது இல்லை, 2004இல் எடுத்துவிட்டார்கள். சிட்னியின் அந்த அரங்கை 2019இல் இடித்து அதே இடத்தில் புதிதாகக் கட்டினார்கள். ரோசுண்டாவை 2013இல் இடித்தார்கள். அங்கே இப்போது வீடுகளும் அலுவலகங்களும். கிளப்புகள் மட்டுமில்லை, நின்று விளையாடிய நிலமும் மாறிவிட்டது. இதை மகளிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை, படம் எடுத்துக் காட்டவேண்டியிருந்தது.

2001இல் அமெரிக்காவில் வூசா என்ற லீக் தொடங்கியது. எல்லா ஆட்டக்காரர்களுக்கும் சம்பளம் கொடுத்த முதல் பெண்கள் லீக் அது. ரீசே வட கரோலைனாவின் கரோலைனா கரேஜ் அணிக்குப் போனார். முதல் ஆண்டு கடைசி இடம். அடுத்த ஆண்டு அதே அணி முதலிடம் பிடித்து, இறுதியாட்டத்தில் வாஷிங்டன் அணியை 3–2 என்று வென்று கிண்ணத்தைத் தூக்கியது. அந்த ஆண்டு அணிக்குப் புதிதாக வந்து சேர்ந்த முன்கள ஆட்டக்காரர் பிர்கிட் பிரின்ஸ். ரோசுண்டாவில் எதிரே நின்ற அந்தப் பதினேழு வயதுப் பிள்ளைக்கு, ஏழு ஆண்டு கழித்து இப்போது ரீசே பாஸ் கொடுத்தார். இந்தக் கதையிலேயே எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

2003 செப்டம்பர் 15ஆம் திகதி, பணம் தீர்ந்துவிட்டது என்று லீக்கை மூடினார்கள். ஐந்து நாள் கழித்து அதே நாட்டில் பெண்கள் உலகக் கிண்ணம் தொடங்க இருந்தது. உலகத்தின் சிறந்த ஆட்டக்காரர்கள் பலர் வேலை இழந்தவர்களாக அந்தக் கிண்ணத்துக்கு வந்தார்கள்.

இதையெல்லாம் படிக்கும்போது எனக்குக் கோபம்தான் வந்தது. விளையாடத் தெரியாமல் தோற்று மூடிய அணிகள் இல்லை இவை. நிக்கோ சம்பியன். கரேஜ் முந்தைய ஆண்டின் சம்பியன். ஆண்கள் கிளப் ஒன்று கடனில் மூழ்கினால் ஊரே திரண்டு வரும், நகரசபை கூட்டம் போடும், பத்திரிகை தலையங்கம் எழுதும். இங்கே ஓர் அறிக்கை, அத்தோடு சரி. விளையாடினவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த இடம் தேடினார்கள். ரீசேயின் தொழில் வாழ்க்கை முழுவதும் இப்படித்தான் போயிருக்கிறது. கால் வைத்த இடம் ஒவ்வொன்றும் பின்னால் காணாமல் போனது, அவர் அடுத்த இடத்தில் மறுபடியும் வென்றார்.

2004இல் தேசிய அணியிலிருந்து ஓய்வு பெற்றபோது 188 ஆட்டங்கள், 58 கோல்கள். அதற்கு முன் நோர்வேயில் ஆணோ பெண்ணோ வேறு யாரும் நாட்டுக்காக இத்தனை ஆட்டங்கள் ஆடியதில்லை. கிளப் கணக்குகள் நாடுகளாகவும் மொழிகளாகவும் சிதறிக் கிடக்கின்றன, முழுதாகக் கூட்டி எடுப்பதே கடினம். 188 மட்டும் ஒரே இடத்தில் இருக்கிறது.

பிறகு பயிற்றுநர் வேலை. அமெரிக்கத் தேசிய அணியில் பியா சுண்டஹாகேக்கு உதவியாளராக இருந்தார். 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் அந்த அணி தங்கம் வென்றது. எந்த அணிக்கு எதிராக அவர் இளமை முழுவதும் ஓடினாரோ அதே அணி. திரும்பி வந்து எல்எஸ்கே பெண்கள் அணியைப் பொறுப்பேற்று 2017, 2018, 2019 மூன்று ஆண்டும் லீக்கை வென்றார். 2021 தொடக்கத்தில் இங்கிலாந்து அணிக்கு உதவியாளராகப் போன இடத்தில், தலைமைப் பயிற்றுநர் விலகிவிட இவரே இடைக்காலப் பொறுப்பை ஏற்றார். அந்தக் கோடையில் யப்பானில் நடந்த ஒலிம்பிக்கில் பிரித்தானிய அணியையும் இவர்தான் கொண்டுபோனார். காலிறுதியில் அவுஸ்திரேலியாவிடம் மேலதிக நேரத்தில் 3–4. நூலிழையில் போன ஆட்டம்.

2022 யூலையில் ஐரோப்பியக் கிண்ணத்தில் இங்கிலாந்து நோர்வேயை 8–0 என்று அடித்தது. நானும் மகளும் வீட்டில் பார்த்தோம், இடைவேளைக்குள்ளேயே ஆறு. மகள் பாதியில் எழுந்து தன் அறைக்குப் போய்விட்டாள். 1995இல் ரீசேயின் அணி நைஜீரியாவை அடித்த அதே எண்ணிக்கை. அடுத்த மாதமே சங்கம் ரீசேயைக் கூப்பிட்டுத் தேசிய அணியைக் கையில் கொடுத்தது.

இந்தப் பகுதியை விட்டுவிட்டு எழுதியிருக்கலாம். ஆனால் விடுவது நியாயமில்லை. 2023 உலகக் கிண்ணம் சரியாகப் போகவில்லை. முதல் ஆட்டத்தில் ஒக்லாந்தில் நியூசிலாந்திடம் 0–1. இரண்டாவது ஆட்டத்தில் சுவிஸ் அணிக்கு எதிராகக் கிரஹாம் ஹான்சனை வெளியே உட்காரவைத்தார். ஆட்டம் தொடங்கும் நேரத்தில் ஹேகர்பெர்க் காயத்தால் உள்ளே திரும்பிப் போனார். 0–0. கிரஹாம் ஹான்சன் ஊடகங்களின் முன் தன் மனக்குறையைக் கொட்டினார், மறுநாள் மன்னிப்பும் கேட்டார். பிலிப்பைன்ஸை 6–0 என்று வென்று அடுத்த சுற்றுக்குப் போய், வெலிங்டனில் யப்பானிடம் 1–3 என்று தோற்றார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ரீசே பொறுப்பில் இல்லை.

அவர் அந்த அணியைச் சரியாக நடத்தினார் என்று நான் சொல்லமாட்டேன். உலகின் ஆகச் சிறந்த பக்கவாட்டு ஆட்டக்காரர்களில் ஒருவரை ஓரமாக இருத்திவிட்டு ஒரு கோல்கூட அடிக்க முடியாமல் போனது எனக்கும் பிழையாகத்தான் பட்டது. ஆனால் அந்த வாரங்களில் அவரைப் பற்றிப் பேசிய பேச்சைக் கேட்க வருத்தமாக இருந்தது. யார் இவர் என்று தெரியாதவர்கள் போலப் பேசினார்கள். அந்த அணியின் பிள்ளைகள் பார்சலோனாவிலும் லியோனிலும் சம்பளம் வாங்குகிறார்கள், வாங்கவும் வேண்டும். 2017இல் நோர்வேயின் ஆண்கள் அணி தன் வருமானத்தில் 550,000 குரோனர் விட்டுக்கொடுத்து, பெண்கள் அணிக்கான தொகை 31 இலட்சத்திலிருந்து 60 இலட்சமாக உயர்ந்தபோது உலகமே கைதட்டியது. அதற்கெல்லாம் முன்னால், கலையப்போகிற அணிகளில் விளையாடி, இந்த ஆட்டம் பார்க்கத் தகுந்தது என்று காட்டிய கால்களில் இரண்டு இவருடையவை.

இனி மகளின் கேள்வி. அதற்குப் பதில் கண்டுபிடித்தது நான் இல்லை, அவளேதான்.

இரண்டு கிழமை கழித்து எங்கள் உள்ளூர்க் கிளப்பில் எனக்கு டுக்னாட் முறை, பெற்றோர் சம்பளமில்லாமல் சேர்ந்து செய்யும் பொதுவேலை. கியோஸ்க்கில் நின்று கோப்பி ஊற்றுவது, வாஃபல் சுடுவது, கடைசியில் மேசை துடைப்பது. பயிற்சி முடிந்து வேர்த்து விறுவிறுத்து வந்தவள், மாவு பூசிய கையோடு நின்ற என்னிடம் கைப்பேசியை நீட்டினாள். "அம்மா, நீங்கள் பிழையாச் சொல்லிப்போட்டியள். இதைப் பாருங்கோ."

செட்ஸ்கூக்/ஹோலான்ட் அணி மறைந்துவிடவில்லை. 2001இல் அது டீம் ஸ்த்ரோம்மன் என்று பெயர் மாறியது. டீம் ஸ்த்ரோம்மன் 2009இல் எல்எஸ்கே பெண்கள் அணியானது. ரீசே தொடங்கிய அணி, அமெரிக்க லீக் மூடப்பட்ட பிறகு திரும்பி வந்து விளையாடிய அணி, பயிற்றுநராக மூன்று தடவை லீக் வென்று கொடுத்த அணி, மூன்றும் ஒன்றேதான். நாங்கள் அந்த ஏப்ரல் சனிக்கிழமை ரிக்கற் எடுத்துப் போய்ப் பார்த்ததும் அதே அணியைத்தான். மூன்று தனித்தனிப் பெயர்களாகத் தேடியதால் என் கண்ணில் படவில்லை. வரிசையில் நின்ற அந்த வயதானவருக்கு இது தெரிந்திருக்கும். அதனால்தான் அந்த இடத்தில் நின்று அந்தப் பெயரைச் சொன்னார் போலும்.

"அப்ப சேர்ட் வாங்கலாம்தானே" என்றாள்.

வாங்கினோம். ரீசேயின் இலக்கம் ஆறு. 1995இல் அதைத்தான் போட்டிருந்தார். மகளுக்குத் தன் அணியிலும் அதே இலக்கம் வேண்டும் என்று ஆசை. பயிற்றுநரிடம் கேட்டுப் பார்த்தாள். அது ஏற்கெனவே வேறொரு பிள்ளையிடம் இருக்கிறதாம், பின்களத்தில் விளையாடுகிறவள், விட்டுக்கொடுக்க மனமில்லை. சரி, பதினாறு போட்டுக்கொள் என்று கொடுத்தார்கள். நேற்று மழையில் பயிற்சி. நான் காருக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து மறுபக்கத்தில் எங்கோ கிடக்கிறது, பதினாறு இடப்பக்கம் ஒரு தடவை, வலப்பக்கம் ஒரு தடவை தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஓடத் தொடங்கினாள்.